இந்தியன் தாத்தாவின் வயது



போன ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி.யில் ‘இந்தியன் 2’ போட்டார்கள். பாதிப் படத்தில் என் பேத்தி எழுந்து போய்விட்டாள். “இந்தத் தாத்தாவுக்கு எத்தனை வயசு தாத்தா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. 2024 ஜூலையில் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தபோது என் மனதில் ஓடியதும் அதே கணக்குதான்.

படம் வந்த சமயத்திலேயே உங்களில் சிலர், “முதல் படத்துக்கு எங்களைக் கூட்டிட்டுப் போனவரே நீங்கதானே சார், இதைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டீர்கள். நான் பதில் போடவில்லை. அதற்குக் காரணம் படம் இல்லை, நான்தான். இன்று எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வரலாற்று வாத்தியார் எவரும் சுருக்கமாகப் பேசியதாகச் சரித்திரம் இல்லை.

முதலில் 1996-க்குப் போவோம். அப்போது பிறக்காதவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அந்த வருடம் ஏப்ரல், மே மாதங்களில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்தே தேர்தல் நடந்தது. டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், மாந்தோப்பு என்று எங்கே போனாலும் ஊழல் என்ற ஒரே பேச்சு. டெல்லியில் ஹவாலா வழக்கு, சென்னையில் ஆட்சியின் மேல் குற்றச்சாட்டுகள். ஈரோடு பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் மட்டும் 1,033 பேர் போட்டியிட்டார்கள். எங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. ஜனங்களுக்கு அவ்வளவு கோபம். மே மாதம் ஆட்சி மாறியது.

அந்தச் சூட்டில், 1996 மே 9 அன்று ‘இந்தியன்’ வெளியானது. ஷங்கர் இயக்கம், ஏ.எம்.ரத்னம் தயாரிப்பு, ஏ.ஆர்.ரஹ்மான் இசை. கமல்ஹாசன் அப்பாவாகவும் மகனாகவும் நடித்தார். லஞ்சம் வாங்குகிறவர்களை வர்மக்கலையால் செயலிழக்கச் செய்து கொல்கிற முதியவர் சேனாபதி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். பட்டாசுத் திரி காய்ந்து கிடந்த இடத்தில் தீக்குச்சி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்போதெல்லாம் புதுப்படம் நம் பக்கத்துக்கு உடனே வராது. பெரிய ஊர்களில் ஓடி, பெட்டி கைமாறி வர நாளாகும். நம் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குவதால், எல்லைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சிலர் இதே படத்தைத் தெலுங்கில் ‘பாரதீயுடு’ என்று முந்திப் பார்த்துவிட்டுக் கதை சொன்னார்கள். பள்ளி திறந்து சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்புப் பையன்கள் 11 பேரைக் கூட்டிக்கொண்டு நாகரசம்பட்டியிலிருந்து காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். பெண்பிள்ளைகளை அனுப்ப வீடுகளில் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அன்று விடுபட்டவர்கள் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

படத்தில் இரண்டு இடங்களில் தியேட்டர் அப்படியே அடங்கிப் போனது.

ஒன்று, சேனாபதியின் மகள் கஸ்தூரி தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் இடம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பணம் கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறார் அப்பா. மகள் இறந்துபோகிறாள். இன்னொன்று, மகன் சந்துரு வாகன ஆய்வாளராகி, பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்துவிடுவான். அந்த பஸ்ஸில் பள்ளிக் குழந்தைகள் போவார்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்தாலும் கீழே போடாதீர்கள். அவனை நம் பையன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கவனித்துப் பாருங்கள், லஞ்சத்தின் இரண்டு முகங்களும் அந்த இரண்டு காட்சிகளில் வந்துவிட்டன. நமக்கு உரிமையானதைக் கொடுக்கவே காசு கேட்பது ஒரு வகை. கொடுக்கக் கூடாததைக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது இன்னொரு வகை. முதல் வகையில் அகப்பட்டவன் நொந்துபோகிறான். இரண்டாவது வகையில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் சாகிறான். பாட புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவு வராது.

கமலுக்கு அப்போது வயது 41. நாற்பதைத் தாண்டிய ஒருவர் எழுபதைத் தாண்டியவராக நடந்தார், உட்கார்ந்தார், வேட்டியை இறுக்கினார். சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. கலை இயக்கத்துக்குத் தோட்டா தரணிக்கும் தேசிய விருது. அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனதும் இந்தப் படம்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததுமே கேள்வி. “சார், அந்தப் பட்டாளம் நிஜமா? நம்ம ஆளுங்க அதுல இருந்தாங்களா?”

அன்று நடத்த வேண்டிய பாடத்தை மூடி வைத்துவிட்டு இதைச் சொன்னேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆங்கிலேயப் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கைதிகளானார்கள். அவர்களை வைத்து மோகன் சிங் தொடங்கிய படை சீக்கிரமே கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து மறுபடி உயிர் கொடுத்தார். அந்த அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசையும் அறிவித்தார். இந்த இரண்டாவது படையில் சிப்பாய்கள் மட்டும் இல்லை. மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்க் கூலிகள் பெருமளவில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி பிடித்தார்கள். அந்தக் கூலிகள் போன ஜில்லாக்களில் நம் பழைய சேலம் ஜில்லாவும் ஒன்று. 1965-இல் தர்மபுரி பிரிகிறவரை நாமும் சேலம் ஜில்லாதானே.

சொல்லிவிட்டு, “உங்களுக்கு ஒரு ஆளைக் காட்டுகிறேன்” என்றேன்.

மலேயா தாத்தா என்று நாங்கள் கூப்பிட்ட பெரியவரைச் சிலருக்கு நினைவிருக்கும். வெள்ளைத் தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் எப்போதும் ஒரு குடை. அடுத்த வாரம் அவரை வகுப்புக்கு அழைத்து வந்தேன். பையன்கள் அவர் விரல்களையே பார்த்தார்கள், வர்மம் தெரியுமா என்று! ஒருவன் கேட்டும்விட்டான்: “தாத்தா, நீங்க எத்தனை வெள்ளைக்காரனைக் கொன்னீங்க?”

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். “ஒருத்தனையும் இல்ல சாமி. நான் சமையல் பார்த்தேன். அரிசி இருந்தா கஞ்சி, இல்லைன்னா மரவள்ளிக் கிழங்கு. அதுவும் இல்லாத நாள்ல பசங்க என்னைத்தான் பார்ப்பாங்க, நான் தரையைப் பார்ப்பேன்.”

வகுப்பு கொஞ்சம் ஏமாந்தது. அப்புறம் அவர் ஒன்று சொன்னார். சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு 1972-இல் மத்திய அரசு பென்ஷன் கொண்டுவந்தது. ஆனால் சிறையிலோ முகாமிலோ இருந்ததற்குப் பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால் கூட இருந்தவர்கள் எழுதித் தர வேண்டும். கூட இருந்தவர்களுக்கு அவர் எங்கே போவார்? பாதிப்பேர் பர்மாக் காட்டிலேயே போய்விட்டார்கள். அப்போது ஒருவர் வந்து, “கொஞ்சம் செலவு பண்ணினால் காகிதம் தயார் பண்ணலாம்” என்றாராம். “வேண்டாம்னுட்டேன். சோறு ஆக்கினதுக்குப் பொய்க் காகிதம் எதுக்கு?” என்றார். பென்ஷன் வாங்காமலே 2003-இல் காலமானார்.

படம் சொன்னதைவிட அந்த ஒரு வாக்கியம் பையன்களுக்குள் அதிகம் இறங்கியது. “லஞ்சம் கொடுக்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம்” என்று கரும்பலகையில் எழுதினோம். அழிக்காமல் ஒரு வாரம் இருந்தது.

இனி, இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு வருகிறேன்.

1998-இல் என் அப்பா தவறினார். ஒன்றரை ஏக்கர் மாந்தோப்புக்குப் பட்டா மாற்ற வேண்டும். ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். ஒருநாள் ஆள் இல்லை, ஒருநாள் புத்தகம் இல்லை, ஒருநாள் “அடுத்த வாரம் வாங்க சார்”. எட்டாவது முறை போனபோது வெளியே நின்ற இடைத்தரகர் தொகையைச் சொன்னார். 1,500 ரூபாய். மறுநாள் கவரில் போட்டேன். ஆனால் என் கையால் கொடுக்க வெட்கம். என்னை வாத்தியார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியுமே! அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நம் பையனை, தியேட்டரில் என் சட்டைக் கையைப் பிடித்த அதே பையனை, கூப்பிட்டேன். “இதை அவர்கிட்ட கொடுத்துட்டு வாப்பா” என்றேன். உள்ளே என்ன என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு சைக்கிளில் திரும்பி வந்தான். பத்து நாளில் பட்டா வந்தது.

அதன் பிறகும் 12 வருடம் நான் வகுப்பில் காந்தி, ராஜாஜி, சுப்பிரமணிய சிவா என்று நடத்தினேன். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும், பாப்பாரப்பட்டியில் பாரத மாதா ஆலயம் கட்ட ஆசைப்பட்டு 1925-இல் அங்கேயே உயிர்விட்ட சிவாவும் நம் மண்ணின் பெருமை என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கவர் நினைவுக்கு வரும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சரி, படத்துக்கு வருவோம்.

முதல் படத்தின் முடிவிலேயே சேனாபதி சாகவில்லை, தேவைப்பட்டால் வருவார் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் நம் தமிழ் சினிமாவில் அந்தக் காலத்தில் இரண்டாம் பாகம் எடுக்கும் பழக்கம் குறைவு. 1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ முடிவில் அடுத்த படம் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று எம்.ஜி.ஆர். அறிவித்தார். 1977-இல் அவர் முதலமைச்சராகிவிட்டார், படம் வரவே இல்லை. கமலின் ‘கல்யாணராமன்’ 1979-இல் ஓடியது. 1985-இல் ஜப்பான் கண்காட்சியில் போய் எடுத்த ‘ஜப்பானில் கல்யாணராமன்’ முதல் படத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ‘அமைதிப்படை’க்கு 19 வருடம் கழித்து ‘நாகராஜசோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ வந்தது. ‘சாமி’க்கு 15 வருடம் கழித்து ‘சாமி ஸ்கொயர்’, ‘சந்திரமுகி’க்கு 18 வருடம் கழித்து ‘சந்திரமுகி 2’. பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய பெயர் இருந்தது, பழைய ருசி இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். நீங்கள் டி.வி.யில் பார்த்து ரசித்த இண்டியானா ஜோன்ஸ் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் ஆரம்பித்தது. இரண்டாவது படம் இந்தியாவில் நடக்கிற கதை, ஆனால் நம் அரசு திரைக்கதையில் மாற்றம் கேட்டதால் பெரும்பகுதியை இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். நம் அம்ரீஷ் புரிதான் வில்லன். 1989-இல் மூன்றாவது படத்தில் குதிரையேறி அஸ்தமனத்துக்குள் போய் அழகாக முடிந்தது. விட்டிருக்கலாம். 19 வருடம் கழித்து 2008-இல் நான்காவது வந்தது. அணுகுண்டு வெடிக்கும்போது கதாநாயகன் பிரிட்ஜுக்குள் புகுந்து தப்பிக்கிறார்! வசூல் வந்தது, ஆனால் பழைய ரசிகர்கள் மனம் உடைந்தார்கள். 2023-இல் ஐந்தாவது வந்தபோது ஹாரிசன் ஃபோர்டுக்கு 80 வயது. இந்த முறை போட்ட பணமும் வரவில்லை.

நாள் கழித்து எடுத்தாலே தோல்விதான் என்று நான் சொல்லவில்லை. 1986-இல் சரியாக ஓடாத கமலின் ‘விக்ரம்’ பெயரையும் பாத்திரத்தையும் எடுத்து 2022-இல் லோகேஷ் கனகராஜ் செய்த படம் பெரிய வெற்றி. ஏன்? அந்த விக்ரம் ஓர் உளவுத்துறை ஆள். எந்தக் காலத்திலும் உளவுத்துறை இருக்கும், எதிரி இருப்பான். சேனாபதி அப்படி இல்லை. அவர் ஒரு குறிப்பிட்ட காலத்தின் பிள்ளை.

இங்கேதான் என் பேத்தியின் கணக்கு. 1943-இல் நேதாஜி படையில் சேர்ந்தவருக்குக் குறைந்தது 18 வயது என்று வையுங்கள். 1996-இல் அவருக்கு 71. நம் ஊரிலும் அந்த வயதில் மலேயா தாத்தா குடையோடு நடந்துகொண்டிருந்தார். அதனால் சேனாபதியை நம்பினோம். எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பவர் எழுந்து வந்து கேட்கிற மாதிரி இருந்தது. 2024-இல்? குறைந்தது 99. யோகமும் உணவுப் பழக்கமும் இருந்தால் முடியும் என்று இயக்குநர் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். உடம்பு இருக்கலாம். ஆனால் அவரை அடையாளம் காண நம்மிடம் ஆள் வேண்டுமே! அந்தத் தலைமுறை திண்ணைகளிலிருந்து எழுந்து போய்விட்டது. 1996-இல் சேனாபதி கேட்டது, “இதற்கா நாங்கள் கஷ்டப்பட்டோம்?” என்ற கேள்வி. அதைக் கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது. 2024-இல் அவர் தைவானிலிருந்து விமானத்தில் வந்து ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். கேள்வி எங்கேயோ தவறி விழுந்துவிட்டது, வித்தை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

படம் எடுத்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 2019-இல் படப்பிடிப்பு ஆரம்பம். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னை அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அப்புறம் கொரோனா. அப்புறம் தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் நீதிமன்ற வழக்கு. 2021 ஏப்ரலில் விவேக் காலமானார், அக்டோபரில் முதல் படத்தில் சி.பி.ஐ. அதிகாரி கிருஷ்ணசாமியாக வந்த நெடுமுடி வேணு காலமானார். திரையில் அவர்களைப் பார்த்தபோது கண் கலங்கியது. ஆனால் அது கதைக்காக வந்த கண்ணீர் இல்லை. ஒரு வழியாக 2024 ஜூலை 12 அன்று வெளியானது. மூன்று மணி நேரம். நீளம் என்று ஜனங்கள் முகம் சுளித்ததும் சில நாளிலேயே சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். முடிவில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் வேறு. சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லும்போதே நாளைய மெனுவை நீட்டின மாதிரி.

அதை நான் பார்த்தது ஓசூரில். கூட்டிக்கொண்டு போனது நம் பையன். இப்போது அவனுக்கு 43 வயது. ஓசூர் சிப்காட் கம்பெனி ஒன்றில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக இரண்டு வேன் வாங்கி ஓட்டுகிறான். காலையில் பள்ளிக் குழந்தைகள், இரவில் ஷிஃப்ட் ஆட்கள். “அன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போனீங்க, இன்னைக்கு என் டிக்கெட் சார்” என்றான்.

இடைவேளையில் இருவரும் பாப்கார்னை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தோம். முன்வரிசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் சொல்லிவிடுகிறேன், அந்தப் படத்திலும் ஒரு நல்ல விதை இருந்தது. இளைஞர்கள் இணையத்தில் கூப்பிட்டு சேனாபதி வருகிறார். வந்தவர், பெரிய திருடர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்கிறார். பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே லஞ்சம் வாங்குகிறவரைக் காட்டிக்கொடுக்கிறார்கள். சித்தார்த் நடித்த பையனின் அப்பா லஞ்ச ஒழிப்புத் துறையிலேயே இருந்துகொண்டு வாங்குகிறவர். அவர் பிடிபட்ட அவமானத்தில் அம்மா உயிரை விட்டுவிடுகிறாள். வரவேற்ற அதே கூட்டம் சேனாபதியைத் திரும்பிப் போ என்கிறது.

யோசித்துப் பாருங்கள். 1996 படத்தில் அப்பா மகனைத் தண்டித்தார். இதில் பிள்ளைகள் அப்பாவைக் கேள்வி கேட்கிறார்கள். இதுதான் 28 வருடத்தில் நிஜமாக மாறிய விஷயம். இதை மட்டும் எடுத்து, ஒரு வீடு, ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு குடும்பம் என்று நிறுத்திச் சொல்லியிருந்தால் நாமெல்லாம் நாற்காலியில் நெளிந்திருப்போம். அவர்களோ அதையும் மாளிகைகளுக்கும் துரத்தல்களுக்கும் நடுவில் போட்டு மூடிவிட்டார்கள். என் ஏமாற்றம் படம் மோசம் என்பதில் இல்லை. கையில் கிடைத்ததை நழுவவிட்டார்கள் என்பதில்தான்.

படம் முடிந்து வேனில் திரும்பி வரும்போது, “வண்டிக்கு எஃப்.சி. எப்பப்பா?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“ரெண்டு மாசத்துல சார். ரெண்டு வண்டிக்கும் கவர் ரெடி பண்ணணும்.”

“உன் வண்டி நல்லாத்தானே இருக்கு? பிரேக்கெல்லாம் புதுசுங்கறே?”

“நல்லா இருந்தாலும் கொடுக்கணும் சார். கொடுக்கலைன்னா லைட் சரியில்ல, பெயிண்ட் சரியில்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு நாள் வண்டி நின்னா வாடகை போச்சு.”

நான் வாத்தியார் குரலில் ஆரம்பித்தேன். “அந்த பஸ் சீன் ஞாபகம் இருக்கா? என் கையைப் பிடிச்சுக்கிட்டியே…”

அவன் ரோட்டைப் பார்த்தபடியே நிதானமாகச் சொன்னான். கோபமே இல்லை. “ஞாபகம் இருக்கு சார். அந்தக் கவரும் ஞாபகம் இருக்கு. உள்ளே பணம்னு அன்னைக்கே தெரியும். சாரே கொடுக்கறாருன்னா, கொடுக்கறது தப்பில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன். அவ்ளோதான்.”

சூளகிரி தாண்டுகிறவரை நாங்கள் இருவரும் பேசவில்லை. 26 வருடம். அவன் ஒரு முறைகூட யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. சூளகிரி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். “என்ன சார் நீங்க…” என்று கையைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் அதே சட்டைக் கை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். வரலாற்று வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்? சேனாபதியின் கத்தியை விட்டுவிட்டு, நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்த்தேன். 1962-இல் லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது, நம் தமிழ்நாட்டு கே.சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு அமைத்தார். கோப்பை நகர்த்தக் கொடுக்கும் காசைப் பற்றி அந்த அறிக்கை அன்றே எழுதியது. தப்பான வேலைக்கு இல்லை, சரியான வேலை சீக்கிரம் நடக்கக் கொடுப்பது. என் 1,500 ரூபாய் அந்த வகை. 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும், நம் மாநில லஞ்ச ஒழிப்புத் துறையும் வந்தன. 1988-இல் ஊழல் தடுப்புச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. 1997-இல் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. முதல் படம் வந்த அடுத்த வருடம்! 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, லஞ்சம் கொடுப்பதையும் நேரடியாகக் குற்றமாக்கினார்கள். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். 1998-இல் நடந்ததற்கு அந்தத் திருத்தம் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது, என் ஏழு நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்று தோன்றியது.

இந்தச் சட்டங்களால் எல்லாம் ஒழிந்துவிட்டதா? இல்லை. ஆனால் இன்று பட்டாவை இணையத்தில் பார்க்கிறோம், மனு எங்கே நிற்கிறது என்று கேட்க முடிகிறது. அன்று எனக்கு எட்டாவது முறை போகத்தான் தெரிந்தது. யாரையும் குத்திக் கொல்லாமல், மனு எழுதியும் வழக்குப் போட்டும் பெயர் தெரியாத ஆயிரம் பேர் இதைக் கொண்டுவந்தார்கள். அவர்களை வைத்து யாரும் மூன்று மணி நேரப் படம் எடுக்கப் போவதில்லை.

நம் பையன் எஃப்.சி.க்கு முந்தின வாரம் நாகரசம்பட்டிக்கு வந்தான். அவனும் நானும் திண்ணையில் உட்கார்ந்து, வண்டியில் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினோம். பிரேக், விளக்கு, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒவ்வொன்றுக்கும் ரசீது, போட்டோ. கவர் கிடையாது. முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவையும். குறை என்ன என்று எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். மூன்றாவது தடவை இரண்டு வண்டிக்கும் கிடைத்தது. போனில் சொன்னான்: “நாலு நாள் வாடகை போச்சு சார். கவர் கொடுத்திருந்தா அதைவிடக் கம்மியாத்தான் ஆகியிருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா பரவாயில்ல சார்” என்றான்.

அடுத்த வருடமும் அவன் இப்படியே செய்வானா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் ஃபீஸ், வண்டிக் கடன் எல்லாம் அவனுக்கு இருக்கிறது. நான் அவனைக் கேட்கவும் மாட்டேன். கேட்கிற உரிமையை 1998-இலேயே இழந்துவிட்டேன். நாலு நாள் வாடகையில் பாதியை வாங்கிக்கொள் என்றேன், மறுத்துவிட்டான்.

என் மாணவர்களில் பலர் இன்று அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். சொந்தங்களிலும் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கு எட்டாவது முறையாக ஒருவர் வந்து நின்றால், அவர் யாரோ ஒரு வாத்தியாராக இருக்கலாம். கவரோடு சின்னப் பையன் ஒருவன் வந்தால், அவன் அன்று உங்களிடமிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டு போகிறான். இதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் பாகம் வந்தால் பார்ப்பீர்களா சார் என்று கேட்பீர்கள். பார்ப்பேன். கமலுக்காகவும், 1996-க்காகவும். ஆனால் இந்தியன் தாத்தாவின் வயதைக் கேட்ட பேத்திக்கு அன்று மாலை நான் மலேயா தாத்தாவின் கதையைத்தான் சொன்னேன். படையில் சமையல்காரர், பொய்க் காகிதம் வேண்டாம் என்றவர் என்று. கடைசிவரை எழுந்து போகாமல் கேட்டாள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
நாகரசம்பட்டி.